அடுக்கு விலைப்பட்டியல்: மின்சாதன மொத்தக் கடைக்கு ஓடூவில் எத்தனை அடுக்கு போதும்?

#1 சுவிட்ச்போர்டு (பூடு, கோலாலம்பூர்)

வணக்கம். மின்சாதன மொத்தக் கடை ஒன்றுக்கு ஓடூ (Odoo) என்ற வணிக மென்பொருளில் கொட்டேஷன் அமைக்கிறோம். கேபிள், எம்சிபி (மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்), டிரங்கிங் (கம்பி ஓடும் பெட்டி), குழாய், விளக்கு எல்லாம் சேர்த்து 4,000 சரக்கு. வாங்குகிறவர்கள் நான்கு வகை: கவுண்டரில் வந்து வாங்குபவர், குத்தகையாளர் (கட்டட வேலை எடுத்துச் செய்பவர்), பேனல் போர்டு செய்பவர், சபா சரவாக் டீலர்.

இதுவரை எக்செலில் வகைக்கு ஒரு ஷீட். சப்ளையர் விலை ஏற்றினால் நான்கு ஷீட்டையும் திருத்த வேண்டும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஒரு தாய்ப் பட்டியல் வைத்து மற்றவை தானாக அதிலிருந்து இறங்க வேண்டும் என்பதுதான் தேவை. கேட்க வேண்டியது மூன்று: அடுக்கை எப்படிப் போடுவது, அடக்க விலைக்குக் கீழே போகாமல் எப்படித் தடுப்பது, ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பேசி முடித்த விலையை எங்கே வைப்பது?

#2 விலைத்தச்சன் (கோலாலம்பூர்)

ஓடூவில் 'இது தாய், இது பிள்ளை' என்று குறிக்கத் தனிக் கட்டம் எதுவும் இல்லை. பட்டியலுக்குள் எழுதும் ஒவ்வொரு விதியும் எதன் மேல் கணக்குப் போடுகிறது என்பதில்தான் உறவு இருக்கிறது. ஃபார்முலா வகை விதிக்கு அடிப்படையாக மூன்றில் ஒன்றைக் கொடுக்கலாம்: சரக்கின் விற்பனை விலை, அடக்க விலை, அல்லது வேறொரு விலைப்பட்டியல். மூன்றாவதைத் தேர்ந்தால் அதுதான் தாய்.

உங்கள் கடைக்கு இப்படி:

'அடிப்படை' என்று ஒரு பட்டியல். ஒரே விதி: எல்லாச் சரக்கும், விற்பனை விலை, கழிவு 0. கவுண்டருக்கு இதுவே போதும்.

'குத்தகையாளர்': எல்லாச் சரக்கும், 'அடிப்படை' மேல் 20 விழுக்காடு கழிவு.

'பேனல்': 'குத்தகையாளர்' மேல் 5 விழுக்காடு.

'கிழக்கு மலேசியா டீலர்': இதுவும் 'குத்தகையாளர்' மேல்தான், கழிவு எவ்வளவு என்பது உங்கள் ஒப்பந்தம். கப்பல் கூலியை விதியிலுள்ள கூடுதல் கட்டணக் கட்டத்தில் போடவேண்டாம். அது ஒரு யூனிட்டுக்கு இத்தனை ரிங்கிட் என்று ஏறும். ஒரு எம்சிபிக்கும் ஒரு ரோல் கேபிளுக்கும் ஒரே கூலி விழும். கூலியைக் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஆக மூன்று மட்டம். அதற்கு மேல் போனால் ஒரு விலை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, கழிவின் மேல் கழிவு கூட்டல் கணக்கு இல்லை. 200 ரிங்கிட் கேபிள் ரோல் குத்தகையாளருக்கு 160, பேனல்காரருக்கு 152. சேல்ஸ்மேன் வாயில் 'இருபதும் ஐந்தும் இருபத்தைந்து' என்று சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் 150 எதிர்பார்ப்பார்.

இரண்டாவதுதான் பெரியது. பிள்ளைப் பட்டியலில் ஒரு சரக்குக்குப் பொருந்தும் விதி எதுவும் இல்லையென்றால், ஓடூ தாய்ப் பட்டியலுக்குப் போகாது. நேராகச் சரக்கின் விற்பனை விலையை எடுத்துவிடும். பேனல் பட்டியலில் கேபிளுக்கும் எம்சிபிக்கும் மட்டும் விதி எழுதி நிறுத்தினால், விளக்கு கேட்கும் பேனல்காரருக்குக் கவுண்டர் விலை போகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஒவ்வொரு பிள்ளைப் பட்டியலிலும் 'எல்லாச் சரக்கும், தாய்ப் பட்டியல் மேல்' என்ற விதி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

#3 கணக்குப்பிள்ளை (செந்தூல்)

மேலே சொன்ன அமைப்பு சரி. ஆனால் சலுகை விலை போடும்போது இதே அமைப்பு கையைக் கடிக்கும்.

அதே கேபிளை வைத்துப் பார்க்கலாம். பட்டியல் விலை 200, அடக்கம் 130. ஒரு மாதச் சலுகையாக 148 ரிங்கிட் என்று 'அடிப்படை' பட்டியலில் அந்தச் சரக்குக்கு நிலையான விலை விதி போடுகிறீர்கள். கவுண்டரில் 148 வரும், சரி. குத்தகையாளர் பட்டியல் அந்த 148ஐ எடுத்து 20 விழுக்காடு குறைக்கும்: 118.40. பேனல் அதிலும் 5 குறைக்கும்: 112.48. அடக்க விலைக்கு 17 ரிங்கிட் கீழே.

மென்பொருள் மேல் குற்றமில்லை. பிள்ளைப் பட்டியலில் பொருந்துகிற விதியைத்தான் அது முதலில் பார்க்கிறது. அங்கே 'எல்லாச் சரக்கும்' விதி இருக்கிறது. அடிப்படை விலை கேட்கத் தாயிடம் போகும்போது தாய் சொல்வது சலுகை விலையை. அது சலுகை விலை என்று பிள்ளைக்குத் தெரியாது.

தீர்வு இரண்டு. சலுகை நாள்களுக்கு மட்டும் குத்தகையாளர் பட்டியலிலும் பேனல் பட்டியலிலும் அந்தச் சரக்குக்கென்று தனி விதி: தாய்ப் பட்டியல் மேல் 0 விழுக்காடு, தொடக்க நாளும் முடிவு நாளும் சலுகையுடையதே. எனக்குப் பிடித்தது மற்றது: அடிப்படையில் சலுகையே போடாமல், கவுண்டருக்கென்று 'அடிப்படை'க்குக் கீழே ஒரு பட்டியல் பிரித்து, சலுகையை அங்கே போடுவது. பட்டியல் ஒன்று கூடும், ஆனால் கீழே ஒழுக ஆளில்லை.

#4 பிறை_ஸ்டோர் (பிறை, பினாங்கு)

அளவுக்கேற்ற விலையைப் பற்றி யாரும் தொடவில்லை. தொழிற்சாலைகளுக்கு விற்கிறவர்களுக்கு அதுதான் தினசரிப் பாடு.

விதியில் வரும் குறைந்தபட்ச அளவு, சரக்கின் அடிப்படை யூனிட்டில்தான் எண்ணப்படும். கேபிளின் யூனிட் மீட்டர் என்று வைத்துவிட்டு, 10 ரோலுக்கு மேல் வாங்கினால் இந்த விலை என்று நினைத்து 10 என்று எழுதினால், 10 மீட்டர் வெட்டித் தரச் சொல்கிறவருக்கு மொத்த விலை போய்விடும். 100 மீட்டர் ரோல் என்றால் அங்கே 1000 என்று எழுத வேண்டும். கொட்டேஷன் வரியில் ரோல் என்று போட்டாலும் ஓடூ மீட்டருக்கு மாற்றித்தான் ஒப்பிடும், அதனால் பயப்பட வேண்டியதில்லை.

விலைக் கட்டத்தில் எத்தனை தசம இலக்கம் என்றும் பாருங்கள். வைத்தது வைத்தபடி இருந்தால் 2. மீட்டருக்கு 0.914 ரிங்கிட் வரவேண்டியது 0.91 ஆகும், 5,000 மீட்டர் ஆர்டரில் 20 ரிங்கிட் காணாமல் போகும். செட்டிங்கில் தசமத் துல்லியம் என்ற பகுதியில் சரக்கு விலைக்கு 4 கொடுங்கள். இதைப் பட்டியல் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏற்றிய பிறகு செய்தால் வெட்டுப்பட்ட இலக்கம் திரும்பி வராது.

எந்த விதி ஜெயிக்கும் என்ற வரிசை: சரக்கின் குறிப்பிட்ட உள்வகைக்கு (நிறம், அளவு போன்றவை) எழுதியது முதலில், பிறகு சரக்குக்கு எழுதியது, பிறகு பிரிவுக்கு, கடைசியில் எல்லாச் சரக்குக்கும். ஒரே மட்டத்தில் இரண்டு இருந்தால் குறைந்தபட்ச அளவு பெரிதாக உள்ளது. இதனால் ஒரு வேடிக்கை. கேபிள் பிரிவுக்கு 1000 மீட்டருக்கு மேல் 8 விழுக்காடு என்று விதி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கேபிளுக்கு மட்டும் 3 விழுக்காடு, குறைந்தபட்ச அளவு 0. அந்தக் கேபிளை 5,000 மீட்டர் வாங்கினாலும் 3 விழுக்காடுதான் கிடைக்கும். சரக்கு விதி இருக்கும்வரை பிரிவு விதியை அது எட்டிக்கூடப் பார்க்காது.

ஒரே சரக்கை இரண்டு வரியாகப் பிரித்து 600, 600 என்று எழுதினாலும் 1000 விலை வராது. வரி வரியாகத்தான் கணக்கு. கட்டடத்தின் மாடி வாரியாக 'லெவல் 2க்கு 600, லெவல் 3க்கு 600' என்று பிரித்துக் கேட்கிற ஆட்கள் நிறைய உண்டு, அங்கே விலையைக் கையால்தான் திருத்தணும் லா.

#5 சுவிட்ச்போர்டு

நன்றி அண்ணே, அந்த 1000 விஷயம் சரியான நேரத்தில் வந்தது. மீட்டர்தான் எங்கள் யூனிட்.

அடக்க விலைக்கு: விதியில் குறைந்தபட்ச மார்ஜின் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, பேனல் பட்டியலில் அங்கே 15 போட்டால் 15 விழுக்காடு லாபம் உறுதியாகிவிடுமா?

#6 விலைத்தச்சன்

ஆகாது. இரண்டு காரணம். அது விழுக்காடு இல்லை, ரிங்கிட். மேலும் அது எதற்கு மேல் என்றால், அந்த விதியின் அடிப்படை விலைக்கு மேல். உங்கள் பேனல் பட்டியல் குத்தகையாளர் பட்டியலை அடிப்படையாக எடுக்கிறது. 15 போட்டால் 160 கூட்டல் 15, அதாவது 175க்குக் கீழே போகாதே என்று அர்த்தம். கழிவு கொடுக்க வேண்டிய ஆளுக்குக் குத்தகையாளரை விட 15 ரிங்கிட் கூடுதல்! அடக்க விலையை அடிப்படையாக எடுக்கும் விதியில் மட்டுமே அந்தக் கட்டத்துக்கு நீங்கள் நினைக்கும் பொருள் உண்டு.

அடுக்கின் மேல் நின்றுகொண்டு அடக்க விலையைக் காவல் காக்க விலைப்பட்டியலால் முடியாது. அதைக் கொட்டேஷனில் செய்யுங்கள். சேல்ஸ் செட்டிங்கில் மார்ஜின் என்பதை இயக்கினால் ஒவ்வொரு வரியிலும் லாபமும் விழுக்காடும் தெரியும். அதை வைத்து, எந்த வரியிலாவது 12 விழுக்காட்டுக்குக் கீழ் போனால் கொட்டேஷன் மேலாளரிடம் நிற்கும்படி ஒரு தானியங்கி விதி எழுதச் சொல்லுங்கள். 12 என்பது உதாரணம். கேபிளுக்கு ஒரு எண்ணும் விளக்குக்கு வேறு எண்ணும் வேண்டியிருக்கும்.

மார்ஜினும் (விற்பனை விலையில் லாபத்தின் விழுக்காடு) மார்க்அப்பும் (அடக்கத்தின் மேல் ஏற்றும் விழுக்காடு) கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடக்கத்தின் மேல் 25 விழுக்காடு ஏற்றினால் விற்பனையில் கிடைப்பது 20. விற்பனையில் 25 வேண்டுமானால் 33.33 ஏற்ற வேண்டும், 30 வேண்டுமானால் 42.86. தௌக்கே (முதலாளி) சொல்வது ஒன்று, விதியில் ஏறுவது மற்றது என்றால் மாதக் கடைசியில்தான் தெரியும்.

#7 இரும்புக்கடை (புக்கிட் மெர்தாஜம்)

எல்லாம் சரி, ஆனால் வேரையே தப்பான இடத்தில் ஊன்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கேபிளுக்கு 'விற்பனை விலை' என்ற வேர் எத்தனை நாள் தாங்கும்? செம்பு லண்டன் சந்தையில் அமெரிக்க டாலரில் ஓடுகிறது. டாலருக்கு ரிங்கிட் ஏறி இறங்கினாலும் கேபிள் ஆலைக்காரன் புது விலைத்தாள் அனுப்புவான். எங்களுக்கு இரும்பு, உங்களுக்குச் செம்பு, கதை ஒன்றுதான்.

சரி, அடக்க விலையை வேராக வைக்கலாம் என்றால் அதுவும் ஆபத்து. சராசரி அடக்க முறையில் கணக்கு வைத்திருந்தால் ஓடூ காட்டும் அடக்கம் ஸ்டோரில் கிடக்கும் பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்தது. ஆலை இன்று 9 விழுக்காடு ஏற்றிவிட்டான், உங்கள் சராசரி 2 விழுக்காடுதான் ஏறியிருக்கிறது. நீங்கள் அந்தச் சராசரியை நம்பி ஒரு மாதம் கழித்துக் கொடுக்கப்போகும் 200 ரோலுக்கு இன்று விலை எழுதிக் கொடுக்கிறீர்கள். விற்றது லாபம் மாதிரி தெரியும், திரும்ப வாங்கப் போனால் காசு பத்தாது. இன்னும் வாங்கவே வாங்காத புதுச் சரக்கு என்றால் அடக்கம் 0. அதன் மேல் எத்தனை விழுக்காடு ஏற்றினாலும் 0தான், கொட்டேஷனில் 0.00 என்று போகும்.

நான் சொல்வது: 'ஆலை விலை' என்று ஒரு பட்டியல். அதில் கேபிள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் இன்று ஆலையில் வாங்கினால் என்ன விலையோ அது. யாருக்கும் இந்தப் பட்டியலைக் கொடுக்கக்கூடாது, எந்த வாடிக்கையாளருக்கும் ஒட்டக்கூடாது. 'அடிப்படை' பட்டியலில் கேபிள் பிரிவுக்கு ஒரு விதி: ஆலை விலை மேல் இத்தனை விழுக்காடு ஏற்றம். ஃபார்முலாவில் கழிவுக் கட்டத்தில் கழித்தல் குறியோடு எண் போட்டால் ஏற்றம் ஆகும். மற்றச் சரக்கெல்லாம் விலைத்தச்சன் சொன்னபடியே இருக்கட்டும். ஆலைத்தாள் வந்ததும் அந்த ஒரு பட்டியலை எக்செலில் எடுத்துத் திருத்தி ஏற்றினால் கீழே நான்கும் மாறும். புது கேபிள் சேர்க்கும்போது ஆலைப் பட்டியலிலும் சேர்க்க மறந்தால், #2ல் சொன்ன அதே கோளாறு: விற்பனை விலையை எடுத்து அதன் மேல் ஏற்றம் போடும்.

கேபிள் கொட்டேஷனுக்குச் செல்லுபடி 7 நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். 30 நாள் என்று அச்சடித்த டெம்பிளேட்டை அப்படியே விட்டு வைத்திருப்பவர்கள் பாதிப் பேர்.

#8 விலைத்தச்சன்

இரும்புக்கடை சொல்வதை ஏற்கிறேன், கேபிளுக்கு மட்டும். எம்சிபிக்கும் விளக்குக்கும் அச்சடித்த பட்டியல் விலை உண்டு, அதை வேராக வைப்பதே சுலபம். இப்போது கேபிளுக்கு நான்கு மட்டம் ஆகிறது, எல்லை அதுதான். அதனால் இன்னொரு கட்டுப்பாடு: முழு எண்ணாக்கும் வேலையை (விலையை 5 சென், 1 ரிங்கிட் என்று அருகிலுள்ள தொகைக்கு உருட்டுவது) கடைசிப் பட்டியலில் மட்டும் வையுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் 5 சென்னுக்கு முழுமையாக்கினால் கழிவு விழுக்காடு கணக்கில் ஒத்துவராது. ஓடூ முதலில் முழு எண்ணாக்கி, பிறகுதான் கூடுதல் கட்டணத்தைச் சேர்க்கும். கவுண்டர் விலை 9.90, 14.90 என்று முடிய வேண்டுமானால் முழு எண்ணாக்கம் 1, கூடுதல் கட்டணம் கழித்தல் 0.10.

#9 திறந்தமூலம் (பாயான் லெப்பாஸ்)

ஓடூ போன்ற இன்னொரு மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட் (ERPNext) பயன்படுத்துகிறவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு அப்படியே செய்ய முயல வேண்டாம். அங்கே பட்டியலுக்குள் பட்டியல் கிடையாது. மரம் இருப்பது வாடிக்கையாளர் குழுவிலும் சரக்குக் குழுவிலும். 'பிரைசிங் ரூல்' எழுதி மேல் குழுவுக்குக் கொடுத்தால் அதன் கீழுள்ள குழுக்களுக்கும் பொருந்தும். இரண்டு விதி ஒரே வரிக்குப் பொருந்தினால் 1 முதல் 20 வரை முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும், பெரிய எண் ஜெயிக்கும். கொடுக்காவிட்டால் விதிகள் மோதுகின்றன என்று பிழைச் செய்தி வந்து நிற்கும். எனக்கு இது ஓடூவின் மௌனத்தை விடப் பிடிக்கும்.

ஒரு வித்தியாசம் காசு சம்பந்தப்பட்டது. பல விதிகளைச் சேர்த்துப் பயன்படுத்த அனுமதித்தால் அங்கே 20ம் 5ம் கூட்டி 25 ஆகும், 200 ரிங்கிட் கேபிள் 150. கழித்த விலை மேல் கழிவு போடு என்ற பெட்டியில் டிக் போட்டால்தான் 152. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் அந்த டிக்கைத் தேடிப் பாருங்கள்.

#10 கணக்குப்பிள்ளை

வரியைப் பட்டியலுக்குள் கலக்காதீர்கள். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) 6 விழுக்காடு, 2018 ஜூனில் 0, அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை வரியும் சேவை வரியும்). சேவை வரி 2024 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்கு 8 ஆனது. வரி சேர்த்த விலையை வேராக வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் மரத்தையே பிடுங்கி நட வேண்டும். விற்பனை வரி உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் மட்டத்தில் ஒருமுறை விழுவது. வாங்கி விற்கும் கடை அதை இன்வாய்ஸில் காட்டப்போவதில்லை, அது உங்கள் அடக்கத்துக்குள் வந்துவிடுகிறது. ஆகவே இரும்புக்கடை சொன்ன ஆலை விலைப் பட்டியலில் அந்த வரி சேர்ந்த தொகையை எழுதுங்கள்.

5 சென் முழுமையாக்கம் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத்துக்கு, அதுவும் பில்லின் மொத்தத் தொகைக்கு. கொட்டேஷனில் யூனிட் விலையை அதற்காக உருட்ட வேண்டிய அவசியமே இல்லை.

கழிவைக் காட்டுவதா, நிகர விலையை மட்டும் காட்டுவதா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய ஈ-இன்வாய்ஸில் யூனிட் விலைக்கும் கழிவுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கொட்டேஷனில் 200, கழிவு 24 விழுக்காடு என்று கொடுத்துவிட்டு இன்வாய்ஸில் 152 என்று மட்டும் போனால், வாங்கியவரின் கணக்குப் பிரிவு இரண்டையும் ஒத்துப்பார்க்க முடியாமல் பணத்தை நிறுத்தி வைக்கும்.

#11 சுவிட்ச்போர்டு

நல்லது. நிகர விலை மட்டும் காட்டுவதாக முடிவு. மீதி இருப்பது வேலைக்குப் பேசி முடித்த விலை. ஒரு குத்தகையாளர் செராஸில் ஒரு கட்டடம் எடுத்திருக்கிறார், 18 சரக்குக்கு மட்டும் தனி விலை, ஆறு மாதத்துக்கு. அதே ஆள் வேறு வேலைக்கு வாங்கினால் வழக்கமான விலை.

#12 பிறை_ஸ்டோர்

அந்த வேலையின் பெயரில் ஒரு பட்டியல் திறங்கள். 18 சரக்குக்கும் நிலையான விலை விதி, ஒவ்வொன்றிலும் தொடக்க நாள், முடிவு நாள். கடைசியில் 'எல்லாச் சரக்கும், குத்தகையாளர் பட்டியல் மேல், 0'. இந்தப் பட்டியலை வாடிக்கையாளர் பதிவில் ஒட்டாதீர்கள். அங்கே 'குத்தகையாளர்' இருக்கட்டும். அந்த வேலைக்குக் கொட்டேஷன் போடும்போது மட்டும் மேலே பட்டியலை மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றினால் ஏற்கனவே எழுதிய வரிகளின் விலை தானாக மாறாது. 'அப்டேட் பிரைசஸ்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் எல்லா வரியும் திரும்பக் கணக்காகும், கையால் திருத்திய விலை உட்பட. அதனால் பட்டியல் தேர்வு முதலில், வரிகள் பிறகு, கைத்திருத்தம் கடைசியில்.

முடிவு நாள் கடந்துவிட்டால் விலை சத்தமில்லாமல் குத்தகையாளர் விலைக்குப் போய்விடும். கட்டடம் தாமதமாகாத ஊரா இது? முடிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பு நினைவூட்டல் ஒன்று போட்டு வையுங்கள்.

#13 விலைத்தச்சன்

ஓட விடுவதற்கு முன் ஒரு சோதனை ஷீட். 12 சரக்கு போதும், ஆனால் பொறுக்கி எடுங்கள்: வெட்டி விற்கும் கேபிள், ரோலாக விற்கும் கேபிள், தனி விதி உள்ளது, பிரிவு விதி மட்டும் உள்ளது, எந்தப் பிரிவிலும் சேராதது, அடக்கம் 0 ஆனது, சலுகையில் உள்ளது, விலை ஒரு ரிங்கிட்டுக்குள் உள்ளது. ஒவ்வொரு பட்டியலுக்கும் 1, 999, 1000 என்ற அளவில் என்ன விலை வரவேண்டும் என்று முதலில் கையால் கணக்குப் போட்டு எழுதுங்கள். சரக்குகளைத் தேர்ந்தெடுத்து விலைப்பட்டியல் அறிக்கை எடுத்தால் கேட்கும் அளவுகளுக்கு விலை வரும், பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரு சென் வித்தியாசம் என்றாலும் விடாதீர்கள், பெரும்பாலும் தசமத் துல்லியம் அல்லது நடு மட்டத்தில் யாரோ போட்ட முழு எண்ணாக்கம். ஆலைத்தாள் ஏற்றும் ஒவ்வொரு முறையும் இதே ஷீட்.

#14 சுவிட்ச்போர்டு

ஒரு சின்னக் கேள்வி. டீலர் ஒருவருக்குக் கோத்தா கினாபாலுவிலும் சண்டக்கானிலும் கிளை. கிளைக்கு ஒரு பட்டியல் கொடுக்கலாமா?

#15 கணக்குப்பிள்ளை

கிளைகளை அந்த நிறுவனத்தின் கீழ் முகவரிகளாகப் பதிந்திருந்தால் நிறுவனத்தின் பட்டியலைத்தான் எடுக்கும். வேறு விலை வேண்டுமானால் சண்டக்கானைத் தனி நிறுவனமாகப் பதிய வேண்டும், அப்போது பாக்கிக் கணக்கும் பிரிந்துவிடும். கூலி வித்தியாசம் மட்டும்தான் என்றால் பதிவைப் பிரிக்காமல் கூலி வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.